பாலிஷ்காரர் வீட்டு ஊசி

பாலிஷ்காரர் கை வைத்த மேசையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். உப்புத்தாளால் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தொட்டுத் தொட்டு நாளெல்லாம் வட்டம் வட்டமாகப் பூசுவார். ஒரே தொல்லை, மாலையில் வீடு திரும்பும்போது மனுஷர் சாராயக்கடை மாதிரி மணப்பார்.

குடித்த காலத்தில் அந்தத் தொல்லைதான் அவருக்கு வசதி. மனைவி மூக்கைச் சுளித்தால் "பாலிஷ் வாசனைம்மா" என்பார். பாவம், அவளும் பல வருஷம் நம்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர் ஸ்பிரிட் வாசனையில் மறைத்துவிட்டார். பட்டறைக்கு விடுமுறையான ஒரு நாளில், சும்மா வெளியே போய்விட்டு வந்தவர், பழக்கதோஷத்தில் அதே பதிலைச் சொன்னார். குட்டு உடைந்தது.

அப்புறம் அழுகை, ஆஸ்பத்திரி, சிகிச்சை எல்லாம் ஆகிக் குடியை விட்டார். வேலையை எப்படி விடுவது? வேறு தொழில் தெரியாது. இப்போது நிஜமாகவே பாலிஷ் வாசனையோடுதான் வருகிறார், ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள்.

மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். மூக்கை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குப் புரிந்துபோனது. தினமும் மாலையில் அவர் கால் கழுவி வந்ததும், கண் மங்கலாயிருக்கிறது என்று சொல்லி ஊசியையும் நூலையும் நீட்டுவாள். எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையில் தையல் பிரிந்திருப்பதைத் தன் ஜன்னலிலிருந்தே கண்டுபிடிக்கிறவளுக்குக் கண் மங்கலாம்! குடித்தால் தன் கை நடுங்கும் என்பது அவருக்குத் தெரியாதா? சோதனை என்று தெரிந்தே கோர்த்துக் கொடுப்பார். ஊசியை வாங்கும்போது அவள் முகம் தெளிவதைப் பார்ப்பதற்காகவே வீட்டுக்கு நேரத்தோடு வருவார்.

அன்றைக்கு ஒரு பெரிய மேசை சதி செய்தது. ஈரக்காற்றில் பாலிஷ் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். எல்லாரும் கலைந்து போனதும் பாலிஷ்காரர் டீ டம்ளரில் ஸ்பிரிட்டை ஊற்றினார். அது விஷம், கண்ணையே பறித்துவிடும் என்று அவருக்குத் தெரியும், ஆசைக்குத் தெரியாது.

நல்லவேளை, மறு கை போனைத் தேடியது. குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடிப் பேசும் இடத்தில் பழக்கமான பஸ் டிரைவர் எடுத்தார். முதலில் கீழே கொட்டு, கொட்டிக்கொண்டே பேசு என்றார். அவசரத்தில் கொட்டியதில் பாதி சட்டையில் விழுந்தது. கடைசியாக டிரைவர், வீட்டுக்குப் போய் இதை அப்படியே சொல்லிவிடு என்றார். அதுதான் பாலிஷ்காரருக்குக் கிலி. சட்டையெல்லாம் ஸ்பிரிட்டோடு போய் நின்று, குடிக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

வீட்டில் ஊசி காத்திருந்தது. நூல் காதைத் தாண்டிப் போனது. மறுபடியும் போனது. கை நடுக்கம் நிற்கவே இல்லை. மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டாள்.

களைப்பு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"குடிக்கலை. ஆனா குடிக்கணும்னு டம்ளர்ல ஊத்திட்டேன்" என்று ஆரம்பித்து, மேசை, முதலாளி, டிரைவர் எல்லாவற்றையும் தலை குனிந்தபடி சொல்லி முடித்தார்.

அவள் ஊசியை அவர் கையிலிருந்து வாங்கினாள். வெளிச்சத்துப் பக்கம் திரும்பக்கூட இல்லை, ஒரே முயற்சியில் கோர்த்துவிட்டாள்.

"கண்ணு மங்கல்னு சொன்னியே" என்றார் அவர், அழுகையும் சிரிப்புமாக.

"குடிக்கலைன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கீங்க. குடிக்கத் தோணுச்சுன்னு இன்னிக்குத்தான் சொல்றீங்க" என்றாள். "சட்டையைக் கழட்டிக் குடுங்க, ஊறப் போடணும்."

மறுநாள் மாலை பாலிஷ்காரர் வழக்கம்போலக் கால் கழுவி வந்து கையை நீட்டினார். ஊசியில் ஏற்கெனவே நூல் கோர்த்திருந்தது. அவள் பக்கத்து ஸ்டூலிலிருந்த துணிகளை எடுத்து இடம் பண்ணினாள்.

"உக்காருங்க. இன்னிக்கு எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."