பெத்தாங்க்கின் பொருள் சொல்லத் தாடிக்கொம்புக்குப் போனேன்

ஒரு வருடமாகப் பேசாமல் இருந்த அருள்ராஜ் போன வாரம் போன் செய்தான். நலம் விசாரிக்கவில்லை. "பெத்தாங்க்னா என்ன அர்த்தம்? காலேஜ்ல இங்கிலீஷ்ல எழுதிக் கேக்குறாங்க" என்றான். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் மறுப்பதற்குள் "நேர்லயே வந்து எழுதித் தாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு: பெத்தாங்க் என்பது புதுச்சேரியில் நாங்கள் சாயங்காலங்களில் ஆடும் பிரெஞ்சு ஆட்டம். மண்ணில் கோடு கிழித்த வட்டத்துக்குள் நின்று, தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டை ஒட்டி விழும்படி இரும்புக் குண்டுகளை எறிய வேண்டும். அருளும் நானும் எட்டு வருட ஜோடி. ஓர் இறுதி ஆட்டத்தில் அவன் எறியும்போது குதிகால் எழும்பியதை நானே நடுவரிடம் சொன்னேன். தோற்றோம். "தூக்கவே இல்ல" என்று சாதித்தான். பிறகு மனைவியின் ஊரான தாடிக்கொம்புக்குக் குடிபோய்விட்டான்.

சனிக்கிழமை காலை புதுச்சேரியில் பேருந்து ஏறி ஒரு மணி நேரத்தில் விழுப்புரம். அங்கிருந்து பகல் ரயில், திண்டுக்கல்லுக்கு நாலரை மணி நேரம். ஜன்னல் இருக்கை கிடைத்தும் வேடிக்கை பார்க்கவில்லை. நான் பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவன், அந்தப் பெயரைப் பற்றித்தான் யோசனை. பிரெஞ்சில் 'குண்டுகள்' என்று பொருள்படும் ஒரு சொல்லை ஆங்கிலேயர்கள் இந்த வகை ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொண்டார்கள். ஓடிவந்து எறியும் ஆட்டமும் அதில் அடக்கம். பெத்தாங்க் என்று ஆங்கிலத்தில் எழுதினால் இந்த ஒன்றை மட்டும்தான் குறிக்கும். தென் பிரான்சின் வட்டார மொழியில் அதற்கு 'ஊன்றிய கால்' என்று பொருள். எறிந்த குண்டு தரையில் விழும்வரை இரண்டு பாதங்களும் மண்ணைவிட்டு எழும்பக் கூடாது. இதை அருளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். என் பையைத் தூக்கிப் பார்த்த ஓட்டுநர், "என்னண்ணே, இம்புட்டு கனம்? உள்ள இரும்பா?" என்றார். ஆமாம் என்றதும் பையை மெதுவாக இறக்கி வைத்தார். தாடிக்கொம்புக்கு டவுன் பஸ் பதினைந்து ரூபாய், ஒன்பது கிலோமீட்டர், அரை மணி நேரம்.

அருள் நிறுத்தத்துக்கே வந்திருந்தான். "வா" என்று ஒரே சொல். வண்டியில் போகும்போது முதுகுதான் தெரிந்தது. ஊருக்கு வெளியே சோளம் அடிக்கும் மண்களத்தில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்: அவன் மச்சினன் முருகேசன், பக்கத்துத் தோட்டத்தில் மல்லிகை போட்டிருக்கும் பாண்டியம்மாள். அருள் அவர்களுக்கு ஆட்டத்தைப் பழக்கியிருந்தான். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி விளையாட்டு விழாவில் ஆடிக் காட்ட அழைப்பு வந்திருக்கிறதாம். விண்ணப்பத்தை நீட்டினான். ஆட்டத்தின் பொருள், காலி. ஆடிக் காட்டும் இருவர் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும். இரண்டாவது வரியும் காலி.

நான் ஷூவோடு களத்தில் கால் வைத்தேன்.

"ஐயய்யோ! களத்துல செருப்பா?" என்று பாண்டியம்மாள் கத்தினார். "நெல்லும் சோளமும் கொட்டுற எடம்ங்க."

வெட்கமாகப் போயிற்று. அப்போதுதான் கவனித்தேன், மற்ற மூவரும் வெறுங்கால். எங்கள் ஊரில் ஷூ போட்டுத்தான் ஆடுவோம். கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வந்தேன். அருள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அவனும் நானும் ஒரு பக்கம், மற்ற இருவரும் எதிர்ப்பக்கம். பதின்மூன்று எடுத்தவர் வெற்றி. பாண்டியம்மாளின் குறி பயங்கரம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று வந்து நின்றபோது கடைசிக் குண்டு என் கையில். வெயிலில் களம் கொதித்தது. எறிந்தேன். குண்டு போய் மரக்குண்டை முத்தமிட்டு நின்றது. நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"செல்லாது. குதிகால் எந்திரிச்சுருச்சு" என்றது ஒரு குரல். எதிரணி இல்லை, அருள்.

"சூட்டுல லேசா..." என்று ஆரம்பித்தேன். சொந்த ஜோடியே சொல்வதா! அந்த நொடியில்தான் அவனுடைய ஒரு வருடம் எனக்குப் புரிந்தது.

"எப்டி இருக்கு?" என்றான்.

"கேவலமா இருக்குடா."

"எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு." குண்டைப் பொறுக்கி என் கையில் வைத்தான். "ஆனா மாப்ள, அன்னிக்கு நானும் தூக்கத்தான் செஞ்சேன்."

முருகேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "செயிச்சது நாங்கதான?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: அதிகாலையில் கிளம்புங்கள், மதியக் களம் காலைப் பொசுக்கும். அந்த ஊர்ச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைப் பார்ப்பதானால் நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். நான் ஆட்டம் முடிந்து மதியம் போய்ப் பூட்டிய கதவைத்தான் பார்த்தேன். இரும்புக் குண்டு கொண்டுபோனால் ரயில் நிலையச் சோதனையில் பத்து நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டிவரும். களம் எதுவானாலும் செருப்பை வெளியே விடுங்கள்.

சாப்பிட்டு முடித்து, விண்ணப்பத்தில் 'இரு பாதமும் தரையில் ஊன்றி நின்று ஆடும் ஆட்டம்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அருள் வாசித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டாவது வரியில் என் பெயரை எழுதினான்.