கடல்பாசி மாவும் வெள்ளைப் பாலும்

கடல்பாசின்னு யாராவது சொன்னா இன்னிக்கும் எனக்குப் பத்திக்கினு வருது. அடி அண்ணாமலையில கிரிவலப் பாதை ஓரத்துலயே எங்க வீடு. வாசல்ல ஒரே ஒரு பசு. எங்க பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு. கீரைய வாயிலயே வைக்க மாட்டா, முட்டையக் குடுத்தா துப்பிடுவா. சத்துன்னு அவ உடம்புக்குள்ள போனது அந்தப் பசுவோட பால் மட்டுந்தான்.

பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றவங்க அகத்திக்கீரைக் கட்டு வாங்கியாந்து பசுவுக்குக் குடுத்து, தொட்டுக் கும்பிட்டுப் போவாங்க. மத்த நாள்ல நான் வரப்புப் புல்லு அறுத்துப் போடுவேன்.

அப்பத்தான் தீவனம் விக்கிற ஆளு ஒருத்தன் வந்தான். கடல்பாசிய அரைச்ச மாவாம். "இதப் போடுங்க, பால்ல வைட்டமின் ஜாஸ்தியாவும். பச்சையே தேவையில்ல"ன்னு வாய் கூசாம சொன்னான். என் வூட்டுக்காரரு பூம்பூம் மாடு கணக்கா தலையாட்டினாரு. அன்னியிலேர்ந்து வைக்கோலும் மாவுந்தான். பௌர்ணமிக்குக் கீரையோட வந்தவங்கள, "மருந்துத் தீவனம் போடறோம், எதுவும் குடுக்காதீங்க"ன்னு நானே வெரட்டுனேன். மலை சுத்த வந்த சனத்தை! பாலுல இருந்த மஞ்சள் போயி வெள்ளை வெளேர்னு ஆச்சு. சுத்தமான பாலுன்னு வேற பூரிச்சுப் போனேன், புத்தி கெட்டவ.

சில மாசம் போச்சு. விளக்கு வைக்கிற நேரம், பொண்ணு வாசப்படி தடுக்கி வுழுந்தா. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?"ன்னு முதுவுல ஒண்ணு வச்சேன். மறுநாளும் வுழுந்தா. மறுநாளும் அடிச்சேன்.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பாத்துட்டு மாலைக்கண்ணுன்னாங்க. வைட்டமின் ஏ கம்மியாம். நேரா மாட்டு டாக்டருகிட்ட ஓடி, மாவு போட்டதையும் பால் மஞ்சள் போயி வெளுத்ததையும் சொன்னேன். "அந்த மஞ்சள்தாம்மா வைட்டமினுக்கு மூலம். பச்சை தின்னாத்தான் அது பால்ல எறங்கும். பாசியில வேற சத்து இருக்கலாம், அதுக்காகப் புல்லையா நிறுத்துவாங்க?"ன்னு கேட்டாரு.

வீட்டுக்கு வந்ததும் மூட்டையோட மாவை எருக்குழியில கொட்டினேன். கட்டையில போறவன்! அந்த ஆளு மட்டும் எதிர்ல வந்திருந்தா அந்த மூட்டையாலயே சாத்தியிருப்பேன். வூட்டுக்காரரையும் வுடல, வாய்க்கு வந்தபடி கேட்டேன். "கீரை கொண்டாந்தவங்கள வெரட்டினது யாரு?"ன்னாரு.

அன்னிக்குப் பொழுது சாயுற நேரத்துல மருந்து ஊத்தறதுக்குப் பொண்ணைக் கூப்பிட்டேன். செவுத்தத் தடவிக்கினே வந்தா. தலையில கை வச்சதுதான், அப்படியே ஒடுங்கிப்போயி, "பாத்துதாம்மா நடந்தேன், அடிக்காத"ன்னா.