டோபி பேச்சியம்மாள் கட்டிய காப்பு

ஜொகூர் பாருவில் வெள்ளை உடுப்புப் போட்டு ஆபீசுக்குப் போன கிராணிமார்களில் பாதிப் பேருடைய மரியாதை பேச்சியம்மாளின் கயிற்றில்தான் தொங்கியது. புருஷன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியவை ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகையும், அதை ஒட்டி யாரும் கேட்பாரில்லாத ஒரு திடலும். திடலில் எட்டு மூங்கில் நட்டு, சலவைத் துணி காயப்போட்டே பன்னிரண்டு வருஷம் பிழைத்துவிட்டாள்.

1931-இல் ஒரு திங்கட்கிழமை லாரிக்காரர் கனகராஜின் கண்ணில் அந்தத் திடல் பட்டது. பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசி ஏற்றிவரும் அவருடைய ஏழு லாரிகளும் மூங்கில்களைச் சாய்த்துவிட்டு வரிசையாக நின்றுகொண்டன. யாரிடம் அனுமதி வாங்கினார் என்பது அவருக்கே தெரியாது.

புதன்கிழமை எதிர்வீட்டு ஐயாசாமி கிராணி தம் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். பின்பக்கம் முழுக்க டயர் அச்சு.

"இதப் போட்டுக்கிட்டு தொரை முன்னாடி எப்படி நிக்கிறது பேச்சி?"

"திரும்பாம நில்லுங்க கிராணியாரே."

வாய் அப்படிச் சொன்னாலும் மனசு கூட்டிக் கழித்துப் பார்த்தது. இன்னும் நாலு கால்சட்டை இப்படிப் போனால் எல்லாரும் சீனர் சலவைக்கடைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் அவள் யாருக்கு வெளுப்பது?

ஐயாசாமி விடவில்லை. தெருவில் பதினொரு பேரிடம் கைநாட்டு வாங்கி, சர்க்காருக்கு இங்கிலீசில் மூன்று பக்கம் மனு எழுதிப் போட்டார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அங்கே லாரி நிறுத்த யாருக்கும் அனுமதி தரப்படவில்லை. ஆகவே அப்படியோர் இடம் கிடையாது. இல்லாத ஒன்றை அகற்ற இயலாது.

"இங்கிலீசு நல்லாத்தான் இருக்கு," என்றார் ஐயாசாமி, இரண்டாம் தடவை படித்துவிட்டு.

மறுநாள் விடிவதற்குள் பேச்சியம்மாள் துணி அடிக்கும் கற்களில் ஒன்றை உருட்டிப்போய்த் திடலின் நடுவில் நட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து முனியாக்கிவிட்டாள். முனியைக் கண்டால் டிரைவர்கள் ஓடிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

ஓடவில்லை. கனகராஜ் மாலையோடு வந்து, தேங்காய் உடைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார். சேதி பரவி, யோங் பெங்கிலிருந்தெல்லாம் லாரிகள் பூசைக்கு வர ஆரம்பித்தன.

"அலமாக்! நல்ல சாமியா கொண்டாந்து வச்ச, போ," என்றார் ஐயாசாமி.

மூங்கில் நட இடமில்லை. வெளுத்த துணியோ கூடையில் ஈரமாய்க் கிடந்தது. வேறு வழி தெரியாமல், கல்லுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிய கையோடு அவள் கயிற்றை எடுத்து, கனகராஜின் ஏழு லாரிகளையும் சுற்றிக் கட்டித் துணியைப் போட்டாள். அன்னாசி ஏற்றி நின்ற வண்டிகளைக் கிளப்ப வந்த கனகராஜ் அந்தக் கயிற்றைப் பார்த்தார். கயிறு முழுக்க மஞ்சள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யக்கா, வண்டிக்கெல்லாம் காப்பு கட்டிட்டீங்களா?"

பேச்சியம்மாளும் அப்போதுதான் கயிற்றில் ஏறியிருந்த மஞ்சளைக் கவனித்தாள். காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. லாரிக்கும் அதுதானே.

"ஆமா தம்பி, கட்டிட்டேன்."

"எப்ப அவுப்பீங்க?"

"துணி காஞ்சதும்."

அன்றைக்குப் பிடித்தது மழை. கிராணிமார் துணிகளை அடுப்படிக்குக் கொண்டுபோய் உலர்த்திவிட்டு, கயிற்றில் தன் பழஞ்சேலைகளைப் போட்டாள். ஆறு நாள் சேலையும் காயவில்லை, லாரியும் நகரவில்லை. காப்பை மீறுகிற தைரியம் ஒரு டிரைவருக்கும் இல்லை. அன்னாசி புளித்து, திடல் கள்ளுக்கடைபோல நாறியது. பூசைக்கு வந்த லாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பின.

ஏழாம் நாள் கனகராஜ் வாசலில் வந்து நின்றார். "அவுத்து விடுங்க யக்கா. இந்தப் பக்கமே வரமாட்டோம் லா."

"கற்பூரம் அடிச்சுச் சொல்லு."

அடித்துச் சொன்னார். ஆறு லாரிகள் போயின. ஏழாவது எவ்வளவு முடுக்கியும் கிளம்பவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

பேச்சியம்மாள் அதன் கம்பிகளில்தான் கயிறு கட்டினாள், மூங்கிலைவிட உறுதி. ஐயாசாமியின் கால்சட்டை அங்கே வெள்ளை வெளேரென்று ஆடியது. வெள்ளிக்கிழமை தவறாமல் கல்லுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். நட்டது தானேதான் என்றாலும், அந்த ஏழாவது லாரி ஏன் கிளம்பவில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.