கறுப்பு ரப்பர் பை

மதியம் மூன்று பத்து.

இது நடந்தது. பவித்ரா பொய்யே சொல்லாதவள் என்று அடித்துச் சொல்ல முடியாது. அவள் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பவர்களிடம் ஒரு பொய்யைத் தினமும் சொல்லியிருக்கிறாள். "கண் விழிக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன்."

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறையிலிருந்து ஆபரேஷனுக்கு வந்த தொழிலாளி அழகேசனிடமும் அதைத்தான் சொன்னாள். அவன் மட்டும் திருப்பிக் கேட்டான்.

"நடுவுல கிளம்பிட மாட்டீங்களேக்கா?"

"மாட்டேன்லா."

ஆபரேஷன் நீண்டது. அவள் வேலை நேரம் முடிந்தது. முறைப்படி இன்னொரு டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுத் தேக்காவுக்குச் சாப்பிடப் போனாள். பாதித் தோசையில் போன் அடித்தது. வலது கை எச்சில். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு எடுத்தாள்.

அழகேசன் இறந்திருந்தான்.

அவள்மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை அவள் முழுதாகப் படித்ததில்லை. ஆபரேஷன் அறைப் பக்கமும் போகவில்லை. மயக்க மருந்தின் வரலாற்றுக்கென்று மருத்துவமனை ஒதுக்கிய சிறிய அறையில், பழைய கருவிகளைத் துடைத்து விவர அட்டை எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று மூன்று பத்துக்கு அவள் முன்னால் ஒரு பழைய இயந்திரம். அதில் தொங்கும் கறுப்பு ரப்பர் பை. மயங்கிக் கிடப்பவருக்கு அதைக் கையால் அமுக்கித்தான் மூச்சுக் கொடுப்பார்கள்.

பை அசைந்தது.

ஏர்கான் காற்று என்று நினைத்தாள். எழுந்துபோய் நிறுத்தினாள்.

பை உப்பியது... சுருங்கியது... உப்பியது.

ஹ்ஸ்ஸ்... ஹ்ஸ்ஸ்...

நின்றது.

மூச்சு நின்றால் அவள் கை யோசிக்காது. பாய்ந்து பிடித்தது. அமுக்கியது.

எங்கோ ஒரு நெஞ்சு ஏறி இறங்கியது. கைக்குத் தெரியும்.

குழாயின் மறுமுனையில் வெறும் மேசை.

கையை எடுக்கப் பார்த்தாள். எடுத்தால்...

அமுக்கினாள்.

அமுக்கினாள்.

காட்சிப் பொருள்களைப் பராமரிக்கும் சாதியா கதவைத் திறந்தபோது மணி மூன்று ஐம்பது.

"என்ன பவி, பைக்கு மசாஜா?"

பவித்ரா அமுக்கிக்கொண்டே இருந்தாள். சாதியா கிட்டே வந்து முகத்தைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

நடந்ததைக் கேட்டதும், அது முடியாது என்றாள். ரப்பர் எப்போதோ கல்லாக இறுகிவிட்டது. உருவம் குலையாமல் இருக்கத் திங்கட்கிழமைதான் அவளே உள்ளே காகிதம் திணித்து, வாயைக் கட்டியிருந்தாள். காட்டுகிறேன் பார் என்று முடிச்சை அவிழ்த்துக் காகிதத்தை உருவினாள்.

அதைப் பவித்ராவின் உள்ளங்கையில் வைத்தாள்.

நனைந்திருந்தது. வெதுவெதுப்பாக.

ஐந்து மணி. சாதியா சாவி எடுக்கப் போயிருந்தாள். பவித்ரா கைப்பையைத் தோளில் மாட்டினாள். வாசலுக்கு ஓர் எட்டு.

பின்னால், ரப்பருக்குள்ளிருந்து வருவதுபோல...

"கிளம்பிட்டீங்களாக்கா?"