கடித்த பல்லும் விடாத கையும்

போன வியாழக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்து இறங்கினார். சட்டையைக் கழற்றி மாட்டும்போதுதான் பார்த்தேன். வலது முன்கையில் ஒரு தடம். அரை வட்டமாக, நடுவில் ஊதாவும் ஓரத்தில் மஞ்சளுமாக...

நாய்க்கடியோ என்று பதறிப் போய்க் கையைப் பிடித்தேன். நாய் இல்லை. மனுஷப் பல்!

கல்யாணமாகி இருபத்தாறு வருஷமான ஒரு மனைவிக்கு அந்த நேரத்தில் என்னென்ன தோன்றும் என்று நான் விளக்க வேண்டுமா என்ன?

"யாருங்க கடிச்சது?"

"கருப்பசாமி."

ஆண்பிள்ளைப் பெயர். பாதி நிம்மதி. மீதிப் பாதிக்காக அவர் குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்தேன்.

இவரைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் அதிகம் எழுதியதில்லை. பெயர் கதிரேசன். சொந்த ஊர் பந்தல்குடிப் பக்கம். மழை பெய்தால்தான் வெள்ளாமை என்கிற கரிசல்காட்டில் பிறந்தவருக்கு உத்தியோகம் கடலோரத்தில்! கடற்படைத் துறைமுகம் ஒன்றில் தொழிலாளர் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் இரண்டுக்கும் பொறுப்பான அதிகாரி. எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள். நானே கேட்பதில்லை.

போர்க்கப்பல் என்றால் நமக்கெல்லாம் பீரங்கி ஞாபகம் வரும். இவருக்குக் கழிவு எண்ணெய் ஞாபகம் வரும். வெல்டிங் பொறி, பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, கயிறு அறுந்த ஏணி... இவைதான் வரும். அங்கே வேலை செய்கிற யாருக்கும் அடிபடக் கூடாது, கடலுக்குள் ஒரு சொட்டு எண்ணெய் போகக் கூடாது — அவ்வளவுதான் அவருடைய வேலை. நான்கே வார்த்தைகளில் சொல்லிவிடலாம். செய்வதற்கு ஒரு ஆயுசு வேண்டும்.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை அருப்புக்கோட்டை வீட்டுக்கு வருவார். வந்ததும் முதலில் என்னைப் பார்க்க மாட்டார். கேஸ் ட்யூபைப் பார்ப்பார். நானும் பழகிவிட்டேன்.

அன்றைக்கு ட்யூபைக் கூடப் பார்க்கவில்லை. இட்லியை வைத்தேன். ஒன்றைப் பிட்டு, அதையே பிசைந்துகொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

நடந்தது அதற்கு முந்திய வாரம்.

துறைமுகத்துக்குள் ஓடுகிற சின்னக் கப்பல் ஒன்றில் கழிவு எண்ணெய்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலை. ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி எடுத்திருந்தது. அதில் இரண்டு பேர் நம் பக்கத்து ஆட்கள் — அண்ணன் பாண்டி, தம்பி கருப்பசாமி. திருச்சுழியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம். சொந்தமாகக் காடு உண்டு. உளுந்தும் மல்லியும் போடுவார்கள். மழை ஏமாற்றுகிற வருஷங்களில் இப்படி வெளி வேலைக்குப் போவார்கள்.

காலையில் தொட்டிக்குள் மீட்டரை இறக்கிச் சோதித்திருக்கிறார் இவர். உள்ளே விஷவாயு. "மத்தியானம் வரைக்கும் காத்தடிக்கிற மெஷினை ஓடவிடுங்க. மறுபடி நான் டெஸ்ட் பண்ணுவேன். அதுவரைக்கும் ஒருத்தரும் எறங்கக் கூடாது" என்று வேலை அனுமதிச் சீட்டில் எழுதிக் கம்பெனி ஆளிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, பக்கத்துக் கப்பலுக்குப் போயிருக்கிறார்.

மேலே நின்றபடியே ஹோஸைப் போட்டு எண்ணெயை உறிஞ்சி, கரையில் நின்ற டேங்கர் லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஹோஸ் வாய் எதிலோ போய் மாட்டிக்கொண்டது. ரெண்டு நிமிஷ வேலைதானே? பாண்டி ஏணியில் இறங்கிவிட்டார். ஹோஸை விடுவித்தும்விட்டார். ஏறத் திரும்பியவர், அப்படியே சரிந்துவிட்டார்.

கூச்சல் கேட்டு இவர் ஓடி வருகிறார். தம்பி கருப்பசாமி தொட்டி வாயில் ஒரு காலை உள்ளே விட்டாயிற்று.

பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்து, இழுத்துத் தரையில் சாய்த்து, அவர் மேலேயே விழுந்துவிட்டார் இவர்.

"விடுங்க ஸார்! எங்கண்ணன் ஸார்! கண்ணு முன்னாடி கெடக்கான் ஸார்!"

விடவில்லை. திட்டினார். விடவில்லை. கெஞ்சினார். விடவில்லை. அப்போதுதான் அந்தக் கடி.

அப்போதும் விடவில்லை.

ஏன்? ஈவிரக்கம் இல்லாத மனுஷரா? இல்லை. நீங்களும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். செப்டிக் டேங்க்கில் ஒருவர் விழுந்தார், காப்பாற்ற இறங்கியவர் விழுந்தார், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும்... எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கும். அந்தக் காற்று, அண்ணன் யார் தம்பி யார் என்று பார்க்காது. மூச்சுக் கருவி மாட்டாமல் இறங்கினால் இறங்கியவருக்கும் அதே கதிதான்.

துறைமுகத் தீயணைப்பு ஆட்கள் மூச்சுக் கருவியோடு வந்து, பெல்ட் போட்டுப் பாண்டியை மேலே தூக்கும்வரை இவர் பிடியைத் தளர்த்தவில்லை. "எவ்வளவு நேரங்க?" என்று கேட்டேன். "நாலஞ்சு நிமிஷந்தான் இருக்கும்" என்றவர், கொஞ்சம் கழித்து, "ரொம்ப நேரம்" என்றார்.

பாண்டிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆக்ஸிஜன் வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். தம்பியும் ஏறினார். இவரும் ஏறப் போனவர், ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தபோது கடல் பக்கம் பார்த்துவிட்டார்.

களேபரத்தில் லாரிப் பக்கத்து ஹோஸ் கழன்று, கழிவு எண்ணெய் கரையில் கொட்டி, விளிம்பில் வழிந்து, தண்ணீரில் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. துறைமுகத்தை ஒட்டியே ஒரு மீனவர் குப்பம். நீரோட்டம் அந்தப் பக்கமாக ஓடுகிறது.

வைத்த காலை எடுத்துவிட்டார். ஆம்புலன்ஸ் போயிற்று.

பம்ப்பை நிறுத்தி, மிதவை வேலியைப் படகில் இழுத்துப் போய் எண்ணெயைச் சுற்றிவளைத்து, உறிஞ்சு துணி போட்டுப் போட்டு எடுத்து... சாயங்காலம் ஆகிவிட்டது. குப்பத்துப் பக்கம் ஒரு சொட்டுப் போகவில்லை. பாண்டிக்கு நினைவு திரும்பிவிட்டது என்று ஃபோன் வந்தபோது, முழங்கை வரைக்கும் கறுப்போடு படகில் உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கருப்பசாமி இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த நாளும் அப்படித்தான்.

இப்போது பாண்டி தேறி, அண்ணனும் தம்பியும் ஊருக்கு வந்துவிட்டார்கள்.

"நாளைக்கு அவுகளப் போய்ப் பாக்கணும். நீயும் வா" என்றார்.

"நான் எதுக்குங்க?"

"தனியாப் போகத் தைரியம் இல்ல."

ஒரு ஆளைத் தரையோடு அமுக்கிப் பிடித்த மனுஷர் சொல்கிற பேச்சா இது? ஆனால், சொன்னாரே... அதுவே எனக்குப் போதும்.

மறுநாள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகத் திருச்சுழி பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் நான். ஊர் எல்லை தாண்டி சீமைக்கருவேல மரங்கள் தொடங்கியதும், ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டே விட்டேன்.

"ஏங்க... நம்ம பையன் உள்ள விழுந்து, நான் எறங்கப் போயிருந்தா?"

கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.

"பிடிச்சிருப்பேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எது சரி என்று மூளைக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரியுமா? பெற்ற வயிறு அல்லவா? கருப்பசாமி ஏன் கடித்தார் என்று எனக்கு அந்த பஸ்ஸில்தான் முழுசாகப் புரிந்தது. நானாக இருந்தால் இன்னும் அழுத்திக் கடித்திருப்பேன்.

ரெண்டு ஸ்டாப் போயிருக்கும். மெதுவாகச் சொன்னார்: "ஒன்னய நான் பிடிச்சிருவேன், வசந்தி. என்னய யாரு பிடிப்பா? அத நெனச்சுத்தான் ஒரு வாரமாச் சோறு எறங்கல."

அவர் மடியில் இருந்த பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

திருச்சுழியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து அந்த ஊருக்குப் போனோம். பாண்டியின் மனைவி முத்துலட்சுமி வாசலுக்கே ஓடி வந்து, "வாங்கண்ணே, வாங்கக்கா" என்று கூட்டிப் போனார். முன்னறையில் ஃபேனுக்குக் கீழே நைலான் கட்டிலில் பாண்டி. எழுந்திருக்கப் பார்த்தவரை இவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். குரல் இன்னும் கட்டித்தான் இருந்தது.

"ரெண்டு நிமிஷ வேலைன்னு நெனச்சுட்டேன் ஸார். நீங்க படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் போனீக."

"அதப் பெறகு பேசுவோம். இப்பச் சாப்பிட முடியுதா?"

முத்துலட்சுமி கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். என் கண் தம்பியைத் தேடியது. புரிந்துகொண்டு அவரே சொன்னார்: "எங்க கொழுந்தன் பின்னாடிதான் இருக்காப்ல. ஆட்டோவப் பாத்ததும் எந்திரிச்சுப் போயிட்டாப்ல. ஊருக்கு வந்ததுலருந்து யார்ட்டயும் பேச்சில்ல."

"ஏலே கருப்பசாமி... வாடா" என்று பாண்டி கூப்பிட்டார். அந்தக் கட்டிய குரலில் கூப்பிட்டதால்தானோ என்னவோ, வந்தார். முப்பது வயது இருக்கும். நிலைப்படியிலேயே சாய்ந்து நின்றுகொண்டார். இவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நீங்க ஏன் ஸார் அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வரல?"

நான் எதிர்பார்த்த கேள்வி இதில்லை.

"பிடிச்சீக. சரி. டாக்டர் சொன்னாரு... நீங்க பிடிக்கலைன்னா நானும் போயிருப்பேன்னு. அது வெளங்கிருச்சு. ஆனா எங்கண்ணன் பொழைப்பானா மாட்டானான்னு நான் அங்க ஒத்தையில நிக்கிறேன். நீங்க எண்ணெய அள்ளிக்கிட்டு இருந்தீகளாம். எங்கண்ணன் உசுரவிட அந்தத் தண்ணி பெருசா ஸார்?"

முத்துலட்சுமி, "என்ன பேச்சு இது..." என்று குறுக்கே வந்தார். இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேக்கட்டும்மா." பிறகு அவரைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில ஒங்கண்ணனுக்கு டாக்டர் இருந்தாங்கப்பா. கடலுக்கு அன்னைக்கு நான் ஒருத்தந்தான் இருந்தேன். அந்தக் குப்பத்துலயும் உன்ன மாதிரி அண்ணன் தம்பி வல போட்டுத்தான் சாப்பிடுறாங்க."

கருப்பசாமி முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி இவரைப் பார்த்தார்.

"ஆனா," என்றார் இவர். "சாயங்காலம் வரைக்கும் ஒனக்கு ஒரு ஃபோன் பண்ணல. 'தம்பி, இங்க மாட்டிக்கிட்டேன், வந்துருவேன்'னு ஒரு வார்த்த. அதுக்கு ஒரு நிமிஷம் போதும். எனக்குத் தோணல. அது என் தப்புதான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவ்வளவுதான். கருப்பசாமி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க ஒரு அழுகை. அன்றைக்கு அந்த நாலஞ்சு நிமிஷத்தில் அழ வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்து அழுதார். இவரும் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கருப்பசாமி இவருடைய கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் வலிக்குதா ஸார்?"

"நீ கடிச்சது வலிக்கல. அதுக்குப் போட்ட ஊசிதாம்ப்பா வலிச்சுச்சு."

கட்டிலில் இருந்த பாண்டிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து, முத்துலட்சுமி தண்ணீர் எடுக்க ஓடினார். சாப்பிடாமல் விட மாட்டேன் என்றார். முட்டைக் குழம்பு வைத்துப் போட்டார். ஒரு வாரத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டுக்காரர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்தேன். என் சமையலுக்கு வாங்காத மறுசோறு! பரவாயில்லை... மன்னித்துவிட்டேன்.

சாயங்காலம் திரும்பும்போது கருப்பசாமி பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். அங்கே தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஸார்... தொட்டிக்கு வெளிய ஒரு ஆளு நிக்கணும்னு சொல்வீகளே, அந்த வேலைய எனக்கு வாங்கித் தருவீகளா?"

எனக்காக இவர் விளக்கினார். உள்ளே ஒருவர் வேலை செய்யும்போது, தொட்டி வாயில் இன்னொருவர் நிற்க வேண்டும். அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. யாரையும் அனுமதி இல்லாமல் இறங்கவிடக் கூடாது. உள்ளே ஏதாவது ஆனால் மணியடித்து ஆள் கூப்பிட வேண்டும். அன்றைக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் அப்படி நின்ற ஆளை வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"அது சும்மா நிக்கிற வேலை இல்லப்பா," என்றார் கருப்பசாமியிடம். "உள்ள எவன் விழுந்தாலும் நீ எறங்கக் கூடாது. கத்தினாலும் எறங்கக் கூடாது. ஒங்கண்ணனே விழுந்தாலும் எறங்கக் கூடாது. ஒன்னால முடியுமா?"

கருப்பசாமி ரோட்டைப் பார்த்தார். காட்டைப் பார்த்தார். தூரத்தில் பஸ் வருகிற புழுதி தெரிந்தது.

"தெரியல ஸார்."

"சரி, திங்கக்கெழம வா. கம்பெனியில நான் பேசுறேன். 'முடியும்'னு சட்டுனு சொல்லியிருந்தீன்னா குடுத்திருக்க மாட்டேன்."

இன்டர்வியூ முடிந்தது. பஸ்ஸும் வந்துவிட்டது.