சி என்றால் மறக்காது

என்னிடம் பழைய பொக்கற் கல்குலேற்றர்கள் பதினொன்று இருக்கின்றன. வேலை செய்வது மூன்று. ஓய்வுபெற்ற கணித வாத்தியாருக்கு அதுவே பெரிய சொத்து. அலுமாரியில் ஒரு தட்டு போய்விட்டதே என்பதுதான் என் மனைவியின் கவலை. அவற்றில் எனக்குப் பிடித்தது, மாதிரி எண்ணுக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகள். 'ஈ' என்றால் சிக்கனமான மாதிரி. 'எல்சி' என்றால் திரவப் பளிங்குத் திரை. எல்லாக் கம்பனிக்கும் இது பொருந்தாது. ஆனாலும் கேட்காதவருக்கும் சொல்லிக்கொடுப்பேன்.

வினை வந்தது 'சி'யால்.

உருத்திரபுரத்தில் எங்கள் வளவும் மனைவியின் அண்ணனின் வளவும் அடுத்தடுத்து. நடுவில் கதியால் தடிகள் நட்டுக் கட்டிய வேலி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் சனத்துக்குக் காணி ஏக்கர் கணக்கில் கிடைத்தது. முழக் கணக்கில் சண்டை பிடிக்கும் பழக்கத்தையும் கட்டிக்கொண்டுதான் வந்தோம். வேலி அடைத்தபோது மச்சான் ஒரு முழம் உள்ளே வந்துவிட்டார் என்பது என் கட்சி. அதற்கு முன்பே நான் அவர் பக்கம் போய்விட்டேன் என்பது அவர் கட்சி. இரண்டு வருடம் பேச்சில்லை. இதில் நொந்தது என் மனைவி. அண்ணன் வீட்டுக்குப் போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொள்வேன். அவள் போகவில்லை.

முன்பு இரண்டு காணிகளையும் அளந்தவர், எங்கள் வீட்டில் தங்கியிருந்த நில அளவையாளர். அளந்த தாளைக் கறையான் தின்றுவிட்டது. ஆனால் வெளிநாடு போகும்போது தன் கல்குலேற்றரை எனக்குத் தந்துவிட்டுப் போனார். போன மாதம் எடுத்துப் பார்த்தால் எண்ணின் கடைசியில் 'சி'. நிறுத்தினாலும் நினைவில் வைத்ததை மறக்காது என்று பொருள். என் மனைவியின் பெயருக்குப் பின்னாலும் அந்த எழுத்தைப் போடலாம். எங்கள் வளவின் அகலத்தை அவர் அதன் நினைவில் போட்டதை நானே பக்கத்தில் நின்று பார்த்தவன்.

திரையோ மங்கிப்போய் எண் வாசிக்க முடியாமல் இருந்தது. மச்சானுக்குப் பளிச்சென்று தெரியவேண்டாமா? பற்றறிகளைக் கழற்றிச் சுளகில் போட்டு வெயிலில் காயவைத்தேன். பற்றறியை எங்கள் பக்கம் வரவிடாத யுத்த காலத்தில் ரேடியோ கேட்க நாங்கள் எல்லோரும் செய்த வைத்தியம் அது. இப்போது கிளிநொச்சிக் கடைகளில் புதிது கிடைக்கும் என்று மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

பின்னேரம் பற்றறிகளைத் திரும்பப் போட்டுக்கொண்டு வேலிக்கு மேலால் மச்சானைக் கூப்பிட்டேன். மனிதர் ஓடியே வந்தார். 'சி'யைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன்.

"மச்சான், இதில வாற எண்ணுக்கு நான் கட்டுப்படுறன். நீர்?"

"ஓம், நானும்."

நினைவுப் பொத்தானை அழுத்தினேன். திரை பளிச்சென்று வந்தது. பூச்சியம். இன்னொருதரம் அழுத்தினேன். பூச்சியம்.

"பற்றறியைக் கழட்டினால் அது மறந்துபோகுமெல்லோ?" என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி.

முப்பது வருடம் படிப்பித்தவனுக்கு அது தோன்றவில்லை. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்கு வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. அண்ணனும் தங்கையும் ஒன்றாகச் சிரித்து நான் கேட்டு இரண்டு வருடமாகிறது. வெட்கமாக இருந்தது.

அவள் குசினிக்குள் போய்க் கத்தியோடு வந்து வேலியின் கட்டுகளை அறுக்கத் தொடங்கினாள்.

"என்னப்பா செய்யிறீர்?" என்றேன்.

"போய்வர வேலியில ஒரு பொட்டு வெட்டுறன். நீங்கள் ரெண்டுபேரும் அளந்துகொண்டு நில்லுங்கோ."

ஒரு கதியாலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இடைவெளியில் ஒரு காலை வைத்தாள்.

"தங்கச்சி, இன்னும் ஒண்டைப் புடுங்கு," என்றார் மச்சான். "உன்ர மனிசன்ர வயிறு இதுக்குள்ளால வராது. அவரும் வரவேணுமெல்லோ."