தும்மக்கூடாத வீடு

எனக்கு ஒன்பது வயது நிறைய இரண்டு வாரம் இருந்தபோது எங்கள் வீட்டில் தும்முவது குற்றமாகியது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. எழுத்திலேயே வந்திருந்தது.

அப்போது, அகதிகளாக வந்த நாட்டில், அஜின்கோர்ட் என்ற இடத்தில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்காரி தனியே இருந்தார். செக் நாட்டிலிருந்து வந்தவர், அறுபதைத் தாண்டியவர், முந்தின கோடையில் கணவரை இழந்தவர். ஆங்கிலம் பேசுகிற வேலையையெல்லாம் கணவரே பார்த்துக்கொண்டதால் அவருக்கு நாலு சொல்லுக்கு மேல் வராது. உடுப்புத் தோய்க்கிற மெஷின் எங்கள் பக்கத்தில் இருந்தது. சனிக்கிழமைகளில் கூடையோடு இறங்கி வந்து, சிரித்துவிட்டு, தோய்த்துக்கொண்டு போவார். அப்படி ஒரு சனிக்கிழமை அவர் போன பிறகு பார்த்தால், எங்கள் சோப்புத்தூள் பெட்டியில் சாய்ந்தபடி ஒரு தாள் நின்றது.

வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிக்கிற உத்தியோகம் என்னுடையது. அப்பா தாளை நீட்டினார். நான் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன். இருமல். தும்மல். விக்கல். மூக்கை உறிஞ்சுதல். கதவை அடித்துச் சாத்துதல். கதிரையை இழுத்தல். சுரண்டுதல். கிசுகிசுத்தல். கடைசியாக, களுக்கென்று சிரித்தல். அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, தலையில் கொக்கியும் கீறும் வைத்த எழுத்துகளில் இன்னொரு சொல் இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. “அது லத்தீன்,” என்றார். “லோயர்மாரின்ர பாஷை. சட்டம் எண்டா இப்பிடித்தான் எழுதுவினம். இதொண்டும் செய்யக்கூடாதாம்.”

எங்கள் அகதிக் கேஸ் அப்போது முடிந்திருக்கவில்லை. கேஸ் முடியாத வீட்டில் எந்தத் தாளையும் யாரும் சும்மா தாளாகப் பார்ப்பதில்லை. அம்மா அதை இரண்டு தரம் மடித்து, கேஸ் பைலுக்குள் வைத்தார்.

அன்றிலிருந்து நாங்கள் வாயில்லாப் பூச்சிகள் ஆனோம். கதிரைக் கால்களுக்கு அப்பாவின் பழைய சொக்ஸ் மாட்டப்பட்டது. தேங்காயை உடைக்க அப்பா கடைத்தெருக் கார்ப்பார்க் வரைக்கும் போனார். அம்மா கொட்டும் பனியில், காரின் பின்சீற்றில் இருந்து, மடியில் சட்டியை வைத்துக்கொண்டு அதைத் திருவினார். நான் தும்மினால் ‘நூறு’ என்று வாழ்த்துகிற அதே அம்மா, இப்போது ஓடிவந்து என் முகத்தைத் தலையணையில் அமுக்கினார். நூறு வயது வேண்டாம், மூச்சு விட்டால் போதும் என்று எனக்கு இருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். என் பிறந்தநாளில் கை வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வகுப்பில் நான்கு பேருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். கேக்குக்கும் சொல்லியாயிற்று.

“இந்த வருஷம் பேர்த்டே பாட்டி வேண்டாம் பிள்ளை,” என்றார் அம்மா. “நாலு பெட்டையள் வந்தா கெக்கட்டம் விடாம இருப்பினமோ? வீட்டை விட்டு எழுப்பினா எங்க போறது?”

சிரிப்பதற்குத் தடைச்சட்டம் போட உலகத்தில் யாருக்கு உரிமை இருக்கிறது? பத்தாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் பைலிலிருந்து தாளை உருவிக்கொண்டு மேலே போனேன். அவர் கதவைத் திறந்ததும், வழி முழுக்கப் பாடமாக்கிய ஆங்கிலத்தைக் கொட்டினேன். என் மூக்கு என்னுடையது, தும்மலும் என்னுடையது, இது நியாயமே இல்லை.

அவருக்கு என் பேச்சில் பாதி விளங்கியிருக்காது. தாளைக் கண்டதும் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பத்து நாளாக அதைத் தேடியிருக்கிறார். என்னை மேசையில் இருத்தி, தடித்த அகராதி ஒன்றைத் திறந்து, சொல்லுக்குச் சொல் விரலால் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினார். நூலகத்தில் வியாழக்கிழமைகளில் ஆங்கில வகுப்பு. உங்கள் வீட்டில் கேட்கிற சத்தங்களையும் சின்னச் சின்னச் செயல்களையும் எழுதி, எதிரே உங்கள் மொழியில் எழுதி வாருங்கள் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். “மேலே ஒன்றும் இல்லை,” என்றார். “ஃபிரிட்ஜ் மட்டும்.” அதனால் நிலத்துக்குக் கீழே கேட்டதையெல்லாம் எழுதியிருக்கிறார். விக்கலுக்குத் தங்கள் மொழியில் ‘ஷ்கிதத்’ என்றார். எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. கோபம் என்பதால் சிரிக்கவில்லை.

கோபம் இப்போது இரண்டு மடங்காகியிருந்தது. எங்கள் விக்கலைப் பார்த்து எழுதித் தன் ஹோம்வேர்க் என்று கொடுப்பது கள்ளத்தனம் இல்லையா? எங்கள் வகுப்பில் பார்த்து எழுதினால் வெளியே நிற்க வைப்பார்கள். அம்மா குளிரில் இருந்து தேங்காய் திருவியதற்கு யார் பதில் சொல்வது?

அப்பாவுக்கு நம்ப இரண்டு நாள் எடுத்தது. லத்தீன் இல்லை என்பது அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். பிறகு சொக்ஸ் கழன்றது. பிறந்தநாள் திரும்பி வந்தது.

பிறந்தநாளும் சனிக்கிழமைதான் வந்தது. வீட்டுக்காரி காலையிலேயே கூடையும் அகராதியும் தாளுமாகக் கீழே வந்தார். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார், நான் பலூன் ஊதிக்கொண்டிருந்தேன். ஊதுகிற சத்தத்தைக் கேட்டு, ஆங்கிலச் சொல்லை என்னிடம் வாங்கி, அகராதியைப் புரட்டி, எதிரே எழுதினார். பலூன் வெடித்தது. அதற்கும் புரட்டினார். பிறகு அகராதியில் விரல் வைத்து வைத்து, மெதுவாக என்னிடம் கேட்டார். பின்னேரம் பிள்ளைகள் வரும்போது மாடிப்படியின் மேல்கதவைத் திறந்து வைத்து, படியில் கொஞ்ச நேரம் இருக்கலாமா? கீழே இறங்க மாட்டேன், கேட்க மட்டும்தான் என்றார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கியிருந்தால் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கேக்குக்கு முன்னால் இருத்தியிருப்பார். கேட்டது என்னிடம். என்னிடம் பத்து நாள் கோபம் மிச்சம் இருந்தது.

“நோ,” என்றேன். “இது பிரைவேட் பாட்டி.”

‘பிரைவேட்’ என்ற சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார். நான் ஒவ்வொரு எழுத்தாக, ஒரு ரீச்சரைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. அவர் பட்டியலின் அடியில் அதை எழுதிக்கொண்டார். மாடிப்படியின் மேல்கதவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எதிரே தன் மொழியிலும் எழுதினார். ஒரு பலூன் வெடித்ததற்கே அகராதியைப் புரட்டியவர், அந்தச் சொல்லுக்கு மட்டும் ஏன் புரட்டாமலே எழுதினார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.